கட்டுப் பிரித்த கை

சைக்கிளிலிருந்து விழும்போது நம்மை அறியாமலேயே கையை நீட்டித் தரையில் ஊன்றுகிறோம். அந்த அதிர்ச்சி முழுவதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மணிக்கட்டைத் தாக்குகிறது. அப்போது முன்கையின் ஆர எலும்பு மணிக்கட்டின் அருகே முறியக்கூடும். இவ்வகை முறிவு ஒன்றை 1814-இல் விவரித்தவர் அயர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ்.

ஏறத்தாழ ஆறு வாரங்களில் மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் பேனா பிடிக்க வரவில்லை. வீட்டிலுள்ளவர்கள் எண்ணெய் தேய்த்து, "வலித்தால்தான் சரியாகும்" என்று கையைப் பலமாக மடக்கப் பார்ப்பார்கள். இது சரியா? முதலில் கை இயங்கும் விதத்தைக் காண்போம்.

கயிறும் கப்பியும்

முழங்கையை மேசைமேல் ஊன்றி விரல்களைத் தளர விடுங்கள். மணிக்கட்டை முன்புறம் தொங்கவிட்டால் விரல்கள் தாமாகவே விரிகின்றன. பின்புறம் சாய்த்தால் தாமாகவே மடங்குகின்றன. காரணம் என்ன? விரல்களை வலுவாக மடக்கும் தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றின் தசைநாண்கள் கயிறுபோல் மணிக்கட்டைக் கடந்து, கப்பி போன்ற வளையங்களின் வழியே விரல் எலும்புகளை அடைகின்றன. மணிக்கட்டு பின்சாய்ந்தால் கயிறு இழுபடுகிறது. அப்போதும் ஒரு விரல் மட்டும் நீண்டே நின்றால், அதன் தசைநாண் அறுந்திருக்குமோ என்று மருத்துவர் ஐயுறுவார்.

இனி, மணிக்கட்டை முன்புறம் நன்றாக மடக்கியபடி ஓர் அளவுகோலை இறுகப் பிடியுங்கள். நண்பர் எளிதில் பிடுங்கிவிடுவார்; கயிறு தளர்ந்திருப்பதே காரணம். ஏறத்தாழ 30 பாகை பின்சாய்த்துப் பிடித்தால் அவ்வளவு எளிதில் வராது. ஆகவே இறுகிப்போன மணிக்கட்டு பின்சாயத் தொடங்கினால்தான் பிடியில் வலு கூடும்.

கோணமும் விசையும்

இயன்முறை மருத்துவர் முதலில் அளக்கிறார். உங்கள் பாகைமானியைப் போன்ற கருவியால் கோணம் அளக்கப்படுகிறது. நலமான மணிக்கட்டு பின்புறம் ஏறத்தாழ 70 பாகையும் முன்புறம் 80 பாகையும் வளையும். பிடியின் விசையை டைனமோமீட்டர் காட்டும். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வது போலவே மூன்று முறை அளந்து சராசரி காண்பர். மற்றக் கையோடும் ஒப்பிடுவர்.

ஒரு கணக்குப் பார்ப்போம். விரலின் அடிமூட்டிலிருந்து தசைநாண் 1 செ.மீ. தொலைவிலும் விரல்நுனி 8 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். நுனியில் 1 கிலோகிராம் எடையைத் தாங்க, தசைநாண் 8 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும்! அதனால்தான் தொடக்கத்தில் எடையின்றி விரலசைவு, மணிக்கட்டசைவு, பிறகு மென்மையான பந்து, கடைசியில்தான் எடை.

மெல்ல, ஆனால் நெடுநேரம்

வெடுக்கென்று இழுத்தால் இறுகிய திசுக்களின் இழைகள் கிழிந்து வீங்கும். ஆறும்போது தழும்பாகி மேலும் இறுகும். சிறு விசையை நெடுநேரம் செலுத்தினால், உயிருள்ள திசு அதற்கேற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொண்டு நீள்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கி இறுகிய விரல்களை இவ்வாறே நீட்டினார். மெல்ல நீட்டி மாவுக்கட்டுப் போடுவார். சில நாட்களில் அதைப் பிரித்து, இன்னும் சற்று நீட்டி மறுபடி கட்டுவார்.

ஆகவே, கட்டுப் பிரித்த கையை யாரும் பலவந்தமாக மடக்க விடாதீர்கள். மருத்துவர் காட்டிய அசைவுகளை நாள்தோறும் பல முறை நீங்களே செய்யுங்கள். கோணத்தை வாரந்தோறும் குறித்து வரைபடம் வரையுங்கள். கோடு மெல்ல ஏறுவதே போதும்.