காவலா, கவனிப்பா?

கேள்வி: அமெரிக்காவில் 'கவுன்டி' எனும் மாவட்ட அளவிலான அரசின் பணம் போலீஸுக்கே போய்விடுகிறதா? மக்கள் நலனுக்கும் வருகிறதா?

பதில்: லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1 கோடி மக்கள். பொது மருத்துவமனை, மனநலம், நூலகம், பூங்கா, சிறை என எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்குவது கவுன்டியை ஆளும் 'மேற்பார்வையாளர் குழு'. கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃபை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தாலும், அவர் துறையின் பட்ஜெட்டும் இந்தக் குழுவின் கையில்தான்.

மொத்தத் தொகை மலைக்க வைக்கும். ஆனால் பெரும்பகுதி மாநில, மத்திய அரசுகள் 'இன்னதற்கு மட்டும்' என்று முடிச்சுப் போட்டுத் தருவது. உள்ளூர் வருவாயில் முடிச்சில்லாத பங்குக்குத்தான் இத்தனை இழுபறி. அதில் குறைந்தது 10 சதவீதம் வீட்டுவசதி, இளைஞர் நலன், வேலைப் பயிற்சி, சிறைக்கு மாற்றான சிகிச்சை போன்றவற்றுக்கே என்று 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்தார்கள். 'மெஷர் ஜே' என்பது அதன் பெயர். சிறைக்கோ காவல்துறைக்கோ அந்தப் பணத்தைச் செலவிடக்கூடாது என்பது அதன் விதி. 2021-ல் கீழ் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது.

ஏன் இந்தப் பிடிவாதம்? மனம் பேதலித்த மகன் நள்ளிரவில் தெருவில் நின்று கத்துகிறான். தாய் பதறிப்போய் அவசர எண் 911-ஐ அழைக்கிறாள். துப்பாக்கியோடு காவலர் வந்தால், சிறை அறையில் போய் முடியலாம். மனநலப் பணியாளர் வந்து பொறுமையாகப் பேசி, மருந்துக்கும் படுக்கைக்கும் வழி செய்தால், அவன் பிழைத்துக்கொள்வான். தெருவும் நிம்மதியாகத் தூங்கும்.

காவலர் வேண்டும்தான். ஆனால் கவனிப்பும் பாதுகாப்பே. ஆண்டுதோறும் மே மாதம் பட்ஜெட் மீதான கூட்டத்தில் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். அந்தத் தாய் அங்கே எழுந்து பேச வேண்டும்.