ரசீது எங்கே?

எங்கள் எழுத்தறிவு மையத்தில் ஓர் அக்கா படிக்கிறார். அவர் வாடகை வீட்டில் குடியிருக்கிறார். ஒருநாள் வீட்டுக்காரர் வந்தார்.

“இரண்டு மாத வாடகை பாக்கி. வீட்டைக் காலி பண்ணு.”

“கொடுத்துவிட்டேனே, ஐயா!”

“ரசீது எங்கே?”

அக்கா ரசீது வாங்கவே இல்லை.

அக்கா சண்டை போடவில்லை. நீதிமன்றத்தில் உள்ள இலவச சட்ட உதவி மையத்திற்குப் போனார். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்கள் எல்லோருக்கும் இந்த உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் பேசிக் கேட்கலாம்.

அங்கே இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். “நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வலுக்கட்டாயமாக வெளியேற்றக் கூடாது” என்று வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். அவருடைய நோட்டைப் பார்த்தார்கள். ஒரு மாத வாடகை அதில் பதிவாகி இருந்தது. மற்ற மாதத்திற்குச் சாட்சி இல்லை. அதை அக்கா மறுபடியும் கட்டினார்.

இப்போது அக்கா மாதாமாதம் ரசீது வாங்குகிறார். தேதி, தொகை, கையெழுத்து மூன்றையும் தானே படித்துப் பார்க்கிறார்.

நீங்கள் ரசீது வாங்குகிறீர்களா?