தூளாகிப் போகும் கிரகங்கள்

போன செமஸ்டர் எங்க ப்ராஜெக்ட், ஹாஸ்டல் தண்ணித் தொட்டி. மேலே ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், கீழே ஒரு மைக்ரோகன்ட்ரோலர். நிமிஷத்துக்கு ஒரு தடவை நீர்மட்டம் பதிவாகும். கிராஃப் அழகாத்தான் வந்தது, ஒரே ஒரு குறை. ராத்திரியில் திடீர்னு மட்டம் இறங்கும், கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடும். சென்சார் கோளாறுன்னு முடிவு பண்ணி ஒரு மீடியன் ஃபில்டர் போட்டோம். கோடு வழுவழுன்னு ஆயிடுச்சு. ரிவியூவில் பாராட்டும் கிடைத்தது.

இதை இப்போ சொல்லக் காரணம் இருக்கு. இதே மாதிரி "கோளாறான" ஒரு ரீடிங்கை ஒதுக்கித் தள்ளாத சிலரைப் பற்றிச் சமீபத்தில் படித்தேன். அவங்களுக்கு அந்த ரீடிங்கில் கிடைத்தது ஒரு கிரகம். அதுவும் கண்ணெதிரே தூளாகிக்கொண்டிருக்கிற கிரகம்.

முதல்ல, கிரகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்துக்குப் புறக்கோள் என்று பெயர். பெரும்பாலும் அதை நேரடியாகப் பார்க்க முடியாது. நட்சத்திரத்தின் வெளிச்சத்தைத்தான் அளக்கிறார்கள். கிரகம் குறுக்கே போகும்போது வெளிச்சம் லேசாகக் குறையும். அப்புறம் பழைய அளவுக்கு வரும். அடுத்த சுற்றில் மறுபடியும் அதே குறைவு. நேரத்தை எக்ஸ் அச்சிலும் வெளிச்சத்தை ஒய் அச்சிலும் போட்டால் கிடைப்பது ஒளிவளைவு.

குறைவு எவ்வளவு சின்னது தெரியுமா? வெளியிலிருந்து யாராவது நம்ம சூரியனை அளந்தால், பூமி குறுக்கே போகும்போது 0.0084% தான் குறையும். வியாழன் போனால் சுமார் 1%.

சாதாரண கிரகத்தின் ஒளிவளைவில் மூன்று விஷயங்களை எதிர்பார்க்கலாம். ஒன்று, குறைவு குறிப்பிட்ட இடைவெளியில் வரும். இரண்டு, ஒவ்வொரு தடவையும் ஆழம் ஒரே அளவாக இருக்கும், ஏன்னா கிரகத்தின் சைஸ் மாறாது. மூன்று, இறங்கும் பக்கமும் ஏறும் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஏன்னா கிரகம் உருண்டை. இந்த மூன்றையும் மனசில் வச்சுக்கோங்க.

2012: பொருந்தாத ஒரு சிக்னல்

நாசாவின் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி 2009இல் ஏவப்பட்டது. ஒரே திசையைப் பார்த்தபடி, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளந்துகொண்டே இருந்தது. அந்தக் குவியலில் கேஐசி 12557548 என்ற மங்கலான நட்சத்திரமும் ஒன்று. எம்ஐடியைச் சேர்ந்த சால் ராப்பபோர்ட் தலைமையிலான குழு அதன் டேட்டாவை ஆராய்ந்து 2012இல் கட்டுரை வெளியிட்டது. (குரோம்பேட்டை எம்ஐடி இல்லீங்க, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் எம்ஐடி.)

குறைவு சரியாக 15.7 மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்தது. ஆக, முதல் எதிர்பார்ப்பு பாஸ். நம்ம புதன் சூரியனைச் சுற்ற 88 நாள் எடுக்குது. இங்கே ஒரு வருஷமே ஒரு நாளைக்குள் முடிந்துவிடுகிறது. அவ்வளவு நெருக்கம்.

இரண்டாவது எதிர்பார்ப்பு ஃபெயில். ஒரு தடவை 1.3% குறைந்தது. இன்னொரு தடவை 0.2% கூட இல்லை. நடுவில் எல்லா அளவுகளும் வந்தன. 1.3% மறைக்கணும்னா அது பூமியைவிடப் பல மடங்கு பெரிய பொருளாக இருக்கணும். அடுத்த சுற்றில் அது எங்கே போனது? திடமான கிரகம் 15 மணி நேரத்தில் சுருங்காது.

மூன்றாவதும் ஃபெயில். வெளிச்சம் சட்டென்று இறங்குகிறது, ஆனால் மெதுவாகத்தான் ஏறுகிறது. இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வழக்கத்தைவிட லேசாகக் கூடவும் செய்கிறது!

நம்மில் யாராவதாக இருந்தால் இந்த இடத்தில் "டேட்டா சரியில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த நட்சத்திரத்துக்குப் போயிருப்போம்.

சராசரி ஒன்று சொன்னது, சிதறல் இன்னொன்று சொன்னது

கெப்ளர் பெரும்பாலான நட்சத்திரங்களுக்குச் சுமார் அரை மணி நேரத்துக்கு ஒரு ரீடிங்தான் பதிவு செய்தது. 15.7 மணி நேரச் சுற்றுக்கு அது சுமார் 32 புள்ளி. இதை வைத்து வளைவின் வடிவத்தைத் துல்லியமாக வரைய முடியாது. அதனால் ஒரு வழி செய்வார்கள். நீளமான டேட்டாவை 15.7 மணி நேரத் துண்டுகளாக வெட்டி, எல்லாத் துண்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சராசரி எடுப்பார்கள். நூற்றுக்கணக்கான சுற்றுகளை அடுக்கும்போது இரைச்சல் அடங்கி, உண்மையான வடிவம் மேலே வரும். சட்டென்று இறங்கி மெதுவாக ஏறும் அந்த வடிவம் இப்படித்தான் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் ஆழம் மாறுகிற விஷயம் காணாமலேயே போயிருக்கும். அதுக்கு ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாகப் பார்க்கணும். இரண்டையும் பார்த்ததால்தான் விடை கிடைத்தது. நட்சத்திரத்தை மறைப்பது கிரகத்தின் உடல் அல்ல. கிரகத்திலிருந்து கிளம்பும் தூசி. கிரகம் பூமியைவிடச் சின்னது, அதன் பின்னால் வால்நட்சத்திரத்துக்கு இருப்பது மாதிரி நீளமான தூசி வால்.

இப்போ எல்லாம் பொருந்தும். தூசி ஒரு சுற்றில் நிறைய வரும், இன்னொரு சுற்றில் குறைவாக வரும். அதனால் ஆழம் மாறுகிறது. அடர்த்தியான தலைப்பகுதி முதலில் மறைப்பதால் சட்டென்று இறங்குகிறது. மெலிந்துகொண்டே போகும் வால் பின்னால் வருவதால் மெதுவாக ஏறுகிறது.

அந்த லேசான கூடுதல் வெளிச்சம்? சாயங்காலம் மேற்கே பார்த்து பைக் ஓட்டியிருக்கீங்களா? ஹெல்மெட் வைசரில் அதுவரை கண்ணுக்கே தெரியாத தூசி, சூரியன் எதிரே வந்ததும் பளீர்னு மின்னும். நுண்ணிய துகள் தன்மேல் விழும் வெளிச்சத்தின் பெரும்பகுதியை முன்னோக்கியே சிதறடிக்கும். கிரகம் நட்சத்திரத்தின் விளிம்பை நெருங்கும்போது அதே வேலை நடக்கிறது. அந்த மேட்டின் அளவை வைத்தே துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் குறைவான அளவில் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். இந்தக் கிரகத்தின் இன்றைய பெயர் கெப்ளர்-1520 பி.

பாறை எப்படி ஆவியாகும்?

நட்சத்திரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் பாறை உருகும், அப்புறம் ஆவியாகும். அந்தப் பாறை ஆவி காற்றாக மேலே கிளம்பி, உயரே போய்க் குளிர்ந்து, மறுபடி திடத் துகளாகிறது. வெயிலில் குளம் ஆவியாகி மேகம் ஆகிறதே, அதே கதைதான். தண்ணிக்குப் பதில் கல்.

ஆனால் எல்லாக் கிரகத்திலும் அந்த ஆவி தப்பித்துவிடாது. பூமியின் ஈர்ப்பை விட்டு வெளியேற நொடிக்கு 11.2 கி.மீ. வேகம் வேணும். புதனில் 4.3, நிலாவில் 2.4 போதும். அதனால் குட்டிக் கிரகங்கள்தான் இப்படிக் கரைகின்றன. கரையக் கரைய நிறை குறையும், நிறை குறைந்தால் ஈர்ப்பு குறையும், ஈர்ப்பு குறைந்தால் இன்னும் வேகமாகக் கரையும். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவங்களுக்குத் தெரியும், டிரான்சிஸ்டரில் வருகிற தெர்மல் ரன்அவே மாதிரி. தடுத்து நிறுத்த எதுவும் இல்லாத பாசிட்டிவ் ஃபீட்பேக்.

வால் ஏன் பின்னால் போகிறது? ஒளிக்கும் தள்ளும் விசை உண்டு. கிரகத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை, நுண்துகளுக்குப் பெரிய விஷயம். நட்சத்திரத்தின் ஈர்ப்பில் ஒரு பகுதியை அந்தத் தள்ளல் ஈடுகட்டிவிடும். அதனால் துகளின் பாதை கொஞ்சம் பெரிதாகும், ஒரு சுற்றுக்கு அதிக நேரம் எடுக்கும், கிரகத்துக்குப் பின்தங்கும். 2015இல் அறிவிக்கப்பட்ட கே2-22 பி சுற்றுவது ஒரு மங்கலான சிவப்புக் குள்ள நட்சத்திரத்தை. அங்கே ஒளியின் தள்ளல் ரொம்பக் குறைவு. அதன் தூசி கிரகத்துக்கு முன்னாலும் நீள்கிறது. கணக்கு சரிதான் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

பக்கத்திலேயே ஒன்று

2014இல் கேஓஐ-2700 பி, அடுத்து கே2-22 பி என மூன்று கிரகங்கள் கிடைத்தன. மூன்றின் நட்சத்திரங்களும் மங்கல். விரிவாக ஆராய வெளிச்சம் போதவில்லை. நான்காவது 2025இல் வந்தது. 2018இல் ஏவப்பட்ட டெஸ் தொலைநோக்கியின் டேட்டாவில், எம்ஐடியின் மார்க் ஹான் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அவர்கள் இதைத் தேடிப் போகவில்லை. வழக்கமான சரிபார்ப்பு வேலை நடக்கும்போது விசித்திரமான ஒரு ஒளிவளைவு கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

பெயர் பிடி+05 4868 ஏபி. ஏதோ பாஸ்வேர்டு மாதிரி இருந்தாலும் அர்த்தம் இருக்கு. பிடி என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பான் நகரில் தயாரான நட்சத்திரப் பட்டியல். +05 என்பது வானில் அதன் இடம். ஏ என்பது இரட்டை நட்சத்திரத்தில் பெரியது. பி என்பது கிரகம். தூரம் சுமார் 140 ஒளியாண்டு. கெப்ளர்-1520 சுமார் 2,000 ஒளியாண்டு தள்ளி இருப்பதோடு ஒப்பிட்டால் இது பக்கத்து வீடு. பெகாசஸ் விண்மீன் கூட்டத்தில் இருக்கு. நம்ம பூரட்டாதி நட்சத்திரமும் அதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஐப்பசியில் மழை விட்டால் இரவில் அந்தத் திசையைப் பார்க்கலாம். இந்த நட்சத்திரம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, சின்ன தொலைநோக்கிக்குத் தெரியும்.

கிரகம் 30.5 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. அதன் மேல் வெப்பம் சுமார் 1,600 டிகிரி செல்சியஸ். வால் 90 லட்சம் கி.மீ. வரை நீள்கிறது, அதாவது சுற்றுப்பாதையில் கிட்டத்தட்ட பாதி. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எவரெஸ்ட் மலை அளவுக்குப் பொருளை இழக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. நாமும் போட்டுப் பார்க்கலாம். இழப்பு வீதம் நூறு கோடி ஆண்டுக்கு 10 பூமி நிறை. பூமியின் நிறை 6 × 10²⁴ கிலோ. வகுத்தால் நொடிக்குச் சுமார் 19 லட்சம் டன்! கிரகமோ நிலாவுக்கும் புதனுக்கும் இடைப்பட்ட அளவுதான். இன்னும் 10 முதல் 20 லட்சம் ஆண்டில் மொத்தமாக முடிந்துவிடும். வானியலில் அது கண் இமைக்கும் நேரம். நாம் இருக்கும்போது அது நடப்பது நம்ம அதிர்ஷ்டம்.

சரி, இதனால் என்ன லாபம்?

நம்ம பூமிக்குள்ளேயே நாம் எவ்வளவு தூரம் போயிருக்கோம்? ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் தோண்ட ஆரம்பித்த துளை 12,262 மீட்டரோடு நின்றுவிட்டது. மையம் வரை 6,371 கி.மீ. அதாவது 0.2% கூடத் தாண்டவில்லை. மீதி எல்லாம் நிலநடுக்க அலைகளையும் விண்கற்களையும் வைத்துத் தெரிந்துகொண்டது. வேறொரு நட்சத்திரத்தின் கிரகத்துக்குள் துளை போடுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆனால் இந்தக் கிரகங்கள் தங்கள் உள்ளே இருப்பதைத் தாங்களே வெளியே கொட்டுகின்றன. மேலோடு போய், அடுத்து மேண்டில், கடைசியில் இரும்பு உள்ளகம். அந்த வால் வழியாக வரும் நட்சத்திர ஒளியை நிறப்பிரிகை செய்தால் எந்தத் தாது எந்த அலைநீளத்தை விழுங்கியது என்று தெரியும்.

கே2-22 பியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்த்த முடிவுகள் 2025இல் வந்தன. தூசி இரும்பு உள்ளகத்திலிருந்து வந்தது மாதிரி இல்லை, மேண்டிலில் இருக்கும் மக்னீசியம் சிலிக்கேட் வகைத் தாதுக்களோடு ஒத்துப்போகிறது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, 5 மைக்ரான் அலைநீளத்துக்குப் பக்கத்தில் வந்த ஒரு தடயம். அது நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடு வாயுக்களாக இருக்கலாம் என்கிறார்கள். இவை பனிக்கட்டி நிறைந்த பொருள்களில் எதிர்பார்க்கிற வாயுக்கள். 9 மணி நேரத்தில் நட்சத்திரத்தைச் சுற்றும், பாறையே ஆவியாகும் இடத்தில் அதுக்கு என்ன வேலை? ஒருவேளை தூரத்தில் உருவாகி, பிறகு உள்ளே வந்த பொருளோ என்பது ஒரு யோசனை. இன்னும் முடிவாகவில்லை. ஆனால் பொருந்தாத அந்த ரீடிங்கை யாரும் வழித்துவிடவில்லை. அப்படியே கட்டுரையில் போட்டு வெளியிட்டிருக்காங்க.

நீங்களே பார்க்கலாம்

கெப்ளர், டெஸ் இரண்டின் டேட்டாவும் இலவசம். பைத்தானில் லைட்கர்வ் என்ற தொகுப்பை நிறுவுங்க. கேஐசி 12557548 என்று தேடி டேட்டாவை இறக்கி, 0.65355 நாள் என்று கால அளவு கொடுத்து அடுக்குங்க. சராசரியில் சாய்ந்த வடிவம் தெரியும். அப்புறம் அடுக்காமல் ஒவ்வொரு குறைவாகப் பாருங்க, ஆழம் குதிப்பது தெரியும். ஒன்று மட்டும் கவனம்: அவுட்லையரை நீக்கும் கட்டளையை முதலிலேயே போட்டுடாதீங்க. தேடுவதே போயிடும்.

இதைச் செய்து பார்த்த அன்றைக்கு ராத்திரி, எங்க தொட்டி டேட்டாவையும் ஃபில்டர் இல்லாமல் திறந்தேன். அந்தத் திடீர் இறக்கங்களை நேரத்தோடு சேர்த்து அடுக்கினேன். எல்லாம் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் வந்து நிற்குது. சென்சார் கெட்டுப்போனால் கடிகாரம் பார்த்தா கெடும்? காரணம் இன்னும் தெரியல. இறுதி ரிவியூவுக்கு இரண்டு வாரம் இருக்கு. வழுவழு கோட்டைக் காட்டினால் மார்க் நிச்சயம். டீமில் பேசிட்டோம், ஃபில்டரை எடுத்துட்டுத்தான் காட்டப் போறோம். அதுக்குள்ள ஒரு ராத்திரி மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கணும்.