நாயுமல்ல, பூனையுமல்ல: நம் மலையின் பொன்னிற மரநாய்



நள்ளிரவில் லயத்தின் தகரக் கூரையில் தடதடவென்று ஓசை கேட்டால், "மரநாய் வந்திருக்கு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அதன் உறவு விலங்கொன்றைப் புனுகுப்பூனை என்கிறோம். ஆனால் இவை நாயுமல்ல, பூனையுமல்ல. அப்படியானால் மரநாயை எந்த இடத்தில் வைப்பது?

ஊனுண்ணி வருணத்தில் புனுகுப்பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தது மரநாய். இதன் சாதிப் பெயர் பரடொக்சூரஸ். 'விந்தையான வால்' என்று பொருள். இச்சாதியில் இலங்கைக்கு மட்டுமே உரியது பொன்னிற மரநாய். மற்ற இடங்களிலும் வாழும் சாதாரண மரநாய்க்கு முகத்தில் கருமையான முகமூடி போன்ற அடையாளம் உண்டு. பொன்னிற மரநாயில் அது தெளிவாக இராது. கழுத்து மயிர் தலையை நோக்கிச் சாய்ந்திருப்பதும் உண்டு.

பற்களும் வாசனையும்

பூனைக்கு 30 பற்கள், மரநாய்க்கு 40. இறைச்சியோடு பழங்களையும் விரும்பி உண்பதால் அகன்ற கடைவாய்ப்பற்கள் அதற்குத் தேவை. கித்துள் போன்ற மரங்களின் பழங்களை உண்டு, விதைகளை எச்சத்தோடு காட்டில் பரப்புகிறது. வாலின் அடியில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. நாம் சோற்றுக்குப் போடும் ரம்பை இலையின் மணத்தை ஒத்திருப்பதால், சாதாரண மரநாயை மலாய் மொழியில் 'முசாங் பாண்டான்' என்பார்கள்.

துர்நாற்றத் திரவத்தைப் பீய்ச்சும் அமெரிக்காவின் ஸ்கங்க்குக்கும் இத்தகைய சுரப்பிகள் உண்டு. அதை நெடுங்காலம் நீர்நாய்களின் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். 1997இல் டீ.என்.ஏ. ஆய்வு அதற்குத் தனிக் குடும்பம் தந்தது. அழிந்துபோன குறுமுக ஸ்கங்க்குக்கோ எலும்பும் பல்லும் மட்டுமே சாட்சி.

ஒன்றா, மூன்றா?

இலங்கையில் பிறந்த இராணுவ வைத்தியர் கேலார்ட், 1852இல் மலைநாட்டு மரநாய்க்கு 'மொன்டானஸ்', அதாவது 'மலைக்குரியது' என்று பெயரிட்டார். பின்னர் அதையும் பொன்னிற மரநாயாகவே கொண்டனர். 2009இல் நிறத்தையும் மண்டையோட்டையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், ஈரவலயம், மலைநாடு, உலர்வலயம் என மூன்று தனி இனங்கள் உண்டு என்றனர். 2015இல் வெளியான இன்னோர் ஆய்வு உடலமைப்போடு டீ.என்.ஏ.யையும் சோதித்து, எல்லாம் ஒரே இனம்தான் என்றது. உரோமத்தின் நிறம் பல, உறவு ஒன்றே!

இது வெறும் பெயர்ச் சண்டையா? இல்லை. மூன்று இனங்கள் என்றால், ஒவ்வொன்றும் வாழும் பரப்பு சிறியது. ஒன்று அழிந்தால் அதற்கு மாற்றில்லை. ஒரே இனம் என்றால், மற்ற இடங்களில் இருக்கிறதே என்று மலைநாட்டு மரநாயை மறந்துவிடும் அபாயம் உண்டு. முதலில் கோப்பிக்காகவும், 1867இலிருந்து தேயிலைக்காகவும் நம் மலைகளின் காடுகள் வெட்டப்பட்டன. தோட்டங்களுக்கு மேலே முகடுகளிலும் ஓடைக்கரைகளிலும் எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளே இங்கு அதற்குப் புகலிடம். பெயர் எப்படி மாறினாலும் அந்தக் காடு வேண்டும்.

பெற்றோரே, அடுத்த முறை கூரையில் ஓசை கேட்டால் தடியைத் தேடாதீர்கள். கோழிக்கூட்டை இறுக மூடுங்கள். காட்டுக்கு விதை போடும் அயலவர் அவர், விடியுமுன் போய்விடுவார்.