ஃபாஸ்டர் என்றால் அத்தை

மேனாம்பேட்டில் என் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு காலை ஸ்வீடிஷ் வகுப்பு. கோத்தன்பர்குக்கோ ஸ்டாக்ஹோமுக்கோ கிளம்புகிற பிள்ளைகள் வருகிறார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பது ஒன்றுதான்: “சார், இங்கிலீஷ் தெரிஞ்சா ஸ்வீடிஷ் பாதி தெரிஞ்ச மாதிரியாமே?” யாரப்பா சொன்னது? ஏற்கெனவே போன அண்ணனாம். அந்த அண்ணன் என் கையில் ஒருநாள் மாட்டாமலா போவார்!

நம்பிக்கை: இங்கிலீஷ் தெரிந்தால் ஸ்வீடிஷ் பாதி தெரியும்.

உண்மை: இரண்டும் ஜெர்மானியக் குடும்பம்தான், மறுக்கவில்லை. ஹாண்ட் என்றால் கை, ஃபிங்கர் என்றால் விரல். இப்படி நாலு சொல்லைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு ஐந்தாவது சொல்லில் குப்புறத் தள்ளிவிடும் மொழி அது.

என் மாணவர் ஒருவருக்கு அங்கே பல் வலி. போனில் ‘ஹால்வ் தீயு’வுக்கு வரச் சொன்னார்கள். ஹால்வ் பாதி, தீயு பத்து. இங்கிலீஷ் கணக்கில் பத்தரை என்று முடிவுகட்டி, நிதானமாகக் காபி குடித்துவிட்டுப் போனார். அவருடைய நேரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஸ்வீடிஷில் அது பத்தை நோக்கிப் பாதி வழி, அதாவது ஒன்பதரை.

‘மீல்’ என்றால் மைல் இல்லை, 10 கிலோமீட்டர். “ரெண்டு மீல்தானே, நடந்துடலாம்” என்று இங்கிருந்து பக்கத்திலிருக்கும் அம்பத்தூர் ஓ.டி.க்குப் போகிற நினைப்பில் இறங்கினால் பூந்தமல்லியைத் தாண்டுகிற தூரம் கால் தேய வேண்டியதுதான். ‘ஷேஃப்’ சமையல்காரர் இல்லை, உங்கள் மேலதிகாரி. ‘செமெஸ்டர்’ பரீட்சை இல்லை, வருடாந்திர விடுமுறை.

உறவுமுறைக்கு வாருங்கள். இங்கிலீஷில் அங்கிள், ஆன்ட்டி என்ற இரண்டே டப்பாவில் அத்தனை பேரையும் அடைக்கிறோம். ஸ்வீடிஷில் ஃபார் அப்பா, மூர் அம்மா. அம்மாவின் அம்மா மூர்மூர், அப்பாவின் அப்பா ஃபார்ஃபார். யாழ்ப்பாணத்துக்காரர்கள் அம்மம்மா, அப்பப்பா என்கிறார்களே, அச்சு அசல் அதேதான். தாய்மாமனுக்கு மூர்ப்ரூர் என்று தனிச்சொல். அப்பாவின் சகோதரருக்கு ஃபார்ப்ரூர். பெரியப்பா, சித்தப்பா பேதம் மட்டும் கிடையாது. அம்மாவின் சகோதரி மூஸ்டர், அப்பாவின் சகோதரி ஃபாஸ்டர். “ஃபாஸ்டர் வருகிறார்” என்றால் யாரும் வேகமாக வரவில்லை, அத்தை வருகிறாள். இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு இது குழப்பம். தமிழ்ப் பிள்ளைக்கு இதில் என்ன கஷ்டம்?

‘பூக்’ என்றால் புத்தகம்; ‘பூக்கென்’ என்றால் குறிப்பிட்ட அந்தப் புத்தகம். இங்கிலீஷ் முன்னால் தனியாக வைக்கும் சொல்லை ஸ்வீடிஷ் வால்போல ஒட்டுகிறது. விகுதியோடு பிறந்த காதுக்கு வால் புதிதா?

நம்பிக்கை: அங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும், பிறகு ஸ்வீடிஷ் எதற்கு?

உண்மை: பெரும்பாலோருக்குத் தெரியும். ஆபீஸ் ஓடும். ஆனால் அடுக்குமாடியின் பொதுச் சலவை அறையில் யார் எப்போது துவைப்பது என்ற அறிவிப்பு ஸ்வீடிஷில்தான் தொங்கும். ‘ஃபீக்கா’ எனும் காபி நேரத்தில் உங்கள் ஒருவருக்காகப் பத்துப் பேர் எத்தனை நாள் மொழி மாற்றுவார்கள்? அங்கிருந்து இங்கே வந்த மிஷனரிகளைப் பாருங்கள்: 1921-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் பிஷப்பானவர் எர்ன்ஸ்ட் ஹோய்மன் என்ற ஸ்வீடன்காரர். வெள்ளைக்காரன் ஆட்சிதானே, இங்கிலீஷ் போதும் என்று அந்த மிஷனரிகள் இருந்துவிடவில்லை, தமிழ் படித்தார்கள்.

நம்பிக்கை: ஸ்வீடிஷ் பேச்சின் ராகம் நம் நாக்குக்கு வராது.

உண்மை: ‘ஆன்டென்’ என்ற சொல்லில் ராகம் பிசகினால் வாத்து ஆவியாகிவிடும், சரி. ஆனால் பின்லாந்தின் ஸ்வீடிஷ்காரர்கள் பெரும்பாலும் அந்த ராகமே இல்லாமல்தான் பேசுகிறார்கள். யாருக்கும் புரியாமல் போகவில்லை.

நம்பிக்கை: அங்கே போய்ப் படிக்க எக்கச்சக்கச் செலவு.

உண்மை: குடியிருப்போராகப் பதிவான, 16 வயது கடந்த குடியேறிகளுக்கு நகராட்சியே ஸ்வீடிஷ் வகுப்பை இலவசமாக நடத்துகிறது. பெயர் எஸ்.எஃப்.ஐ. சோம்பலுக்குச் செலவைச் சாக்குச் சொல்லாதீர்கள்.

என் வகுப்பில் ஒரே சட்டம்: நோட்டில் ஸ்வீடிஷ் சொல்லுக்கு எதிரே தமிழ் அர்த்தம், இங்கிலீஷ் கூடாது. இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. போன வாரம் ஒரு பையன் ‘ஃபாஸ்டர்’ எதிரே ‘ஆன்ட்டி’ என்று இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தான். அத்தை என்று தமிழில் எழுதச் சொன்னேன். பேனா நின்றுவிட்டது. “தமிழ் எழுத வராது சார், ஸ்கூல்ல ஃப்ரெஞ்ச் எடுத்தேன்.” அவன் போகிற நாட்டின் 2009 மொழிச் சட்டம் ஸ்வீடிஷை முதன்மை மொழி என்கிறது; கூடவே, வேறு தாய்மொழி உள்ளவர்களுக்கு அதை வளர்க்கவும் வாய்ப்புத் தரச் சொல்கிறது. அங்கே சட்டம் போட்டுக் காப்பதை இங்கே ஃபீஸ் கட்டித் தொலைக்கிறோம்.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பையனை மட்டும் உட்கார வைத்தேன். ‘அத்தை’ என்று பத்து தடவை எழுதிவிட்டுத்தான் படியிறங்கினான்.