ஒரு தட்டும் பல செய்மதிகளும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒழுங்கை வழியே செல்வோர், வீட்டுக் கூரைகளின்மேல் இரண்டும் மூன்றுமாகச் செய்மதித் தட்டுக்கள் வெவ்வேறு திசை நோக்கி நிற்பதைக் கண்டிருப்பர். ஒரு செய்மதிக்கு ஒரு தட்டு என்பதே அவ்வீட்டார் கொண்ட கணக்கு. இணையவழிக் காட்சிகள் பெருகிய இக்காலத்திலும், மாதக் கட்டணமின்றி வானிலிருந்து நேரே கிடைக்கும் ஒளிபரப்புக்கள் பல உள. அவற்றை ஒரே தட்டினாற் பெறுதல் இயலுமா என நண்பர் பலர் எம்மை வினவியதுண்டு. இயலும் என்பதே விடை. ஆயின் அதற்கு முதற்கண் வேண்டுவது பெரிய தட்டன்று. வடக்குத் தெற்கைப் பிழையற அறிதலே. இதனை நாம் கற்றது ஒரு தவறின் வாயிலாகவே.

எமது வளவில் எட்டடி விட்டமுள்ள வலைத் தட்டொன்றை, கிழக்கும் மேற்குமாகத் திரும்பும் வண்ணம் மின்னோடி பூட்டி நிறுவினோம். நெட்டாங்கு 83 பாகை கிழக்கில் நிற்கும் செய்மதி உடனே அகப்பட்டது. 93.5 பாகைக்குத் திருப்பினோம், ஒன்றுமில்லை. 68.5 பாகைக்குத் திருப்பினோம்; அங்கும் ஒன்றுமில்லை. மூன்று நாள் முயன்று சலித்தோம். தட்டைப் பூட்ட வந்தவர், பத்தடித் தட்டு வாங்கினாலன்றிச் சரிவராது என்று கூறிச் சென்றார். நாமும் அதனை நம்பி, பணத்தை எடுத்து வைத்துவிட்டோம். அப்பொழுது அயலிற் கிணற்றுக்கட்டு வேலை செய்துகொண்டிருந்த முதிய மேசன் ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வடக்கை எதை வைச்சுப் பாத்தனீங்கள், தம்பி?" என்று கேட்டார். காந்த ஊசியைக் காட்டினோம். அதனை இரும்புக் குழாயோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தோம் என்பதையும் ஒளியாது சொன்னோம். அவர் சிரித்தார். மறுநாள் மாலை, வெறுந் தடியொன்றின் நிழலைக்கொண்டு அவர் கீறிக் காட்டிய கோட்டுக்கும் எமது கோட்டுக்கும் ஏறக்குறைய 8 பாகை வேறுபாடு இருந்தது.

எட்டுப் பாகை ஏன் இத்துணைக் கேடு செய்தது என்பதை விளங்கிக்கொள்ள, செய்மதிகள் நிற்கும் இடத்தை அறிதல் வேண்டும். புவியின் மத்தியகோட்டுக்கு நேர்மேலே, ஏறக்குறைய 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு வட்டப்பாதை உண்டு. அதிற் செல்லும் செய்மதி, புவி சுழலும் வேகத்திலேயே தானும் சுற்றுவதால் வானில் ஓரிடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். இத்தகைய செய்மதிகள் மூன்று இருந்தால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஆங்கில வானொலிச் சஞ்சிகையொன்றில் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் 1956ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையிலேயே வாழ்ந்தவர். 1975ஆம் ஆண்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கொழும்பிலுள்ள அவர் இல்லத்தில் ஒரு தட்டினை நிறுவிக் கொடுத்தனர். தாம் முப்பது ஆண்டுகளுக்குமுன் எழுதியதன் பயனை அவர் தம் வீட்டிலிருந்தே கண்டார். அக்காலத்தில் இந்நாட்டிற்குச் சொந்தமாக ஒரு தொலைக்காட்சி நிலையந்தானும் இருந்ததில்லை.

செய்மதிகள் யாவும் அவ்வொரே வட்டத்தில் வரிசையாக நிற்கின்றன. யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகையளவில் உள்ளதாதலின், அவ்வரிசை எமக்குக் கிழக்கிலிருந்து எழுந்து, உச்சிக்குச் சற்றுத் தெற்கே கடந்து, மேற்கில் இறங்கும் ஒரு வில்லாகும். தட்டு இவ்வில்லைத் தொடர்ந்து செல்லவேண்டுமாயின், அது சுழலும் அச்சு உண்மை வடக்குத் தெற்காகவும், வடநுனி அகலாங்கின் அளவுக்கு, அதாவது 9.7 பாகை, உயர்ந்தும் இருத்தல் வேண்டும். ஐரோப்பாவில் இவ்வச்சுப் பெரிதும் நிமிர்ந்து நிற்கும். இங்கோ ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். கிணற்றுத் துலாவின் அச்சுலக்கையை நினைத்துக்கொள்க. இவ்வச்சுக்கு நேர்ச்செங்குத்தாகத் தட்டைப் பூட்டாது, தெற்கே மேலும் 1.7 பாகை சாய்த்துப் பூட்டுதல் வேண்டும்.

அச்சு இவ்வாறு படுத்துக் கிடப்பதனால் ஒரு விளைவு உண்டு. தூண் கிழக்கே அல்லது மேற்கே சிறிது சாய்ந்தால் மின்னோடியின் எண்ணிக்கை மட்டுமே மாறும்; படம் கெடாது. அச்சின் திசை பிழைத்தாலோ கிழக்குக் கோடியில் தட்டு வில்லுக்கு ஒருபுறமாகவும், மேற்குக் கோடியில் மறுபுறமாகவும் விலகிவிடும். எட்டடித் தட்டின் பார்வை சீ அலைப்பட்டையில் ஏறக்குறைய 2.2 பாகை அகலமே உடையது. எமது 8 பாகைப் பிழை, 83 பாகைச் செய்மதியைச் சரிப்படுத்திய பின்னரும், 93.5இல் ஒன்றரைப் பாகைக்கு மேலாகவும் 68.5இல் இரண்டு பாகைக்கு மேலாகவும் தட்டை விலக்கியிருந்தது. பத்தடித் தட்டு வாங்கியிருப்பின் பார்வை இன்னும் ஒடுங்கி, நிலைமை மேலும் மோசமாகியிருக்கும்!

மேசன் செய்த முறை கோயிலும் மனையும் எடுப்போர் பழங்காலந்தொட்டுக் கையாளும் சங்கு முறையேயாம். சமதரையில் இரண்டு மூன்றடி உயரமான தடியொன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நடுக. அதனை மையமாகக்கொண்டு ஒரு வட்டம் கீறுக. முற்பகலில் தடியின் நிழல்நுனி குறுகிவந்து வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் நீண்டு சென்று தொடும் இடத்தையும் குறித்து இரண்டையும் இணைத்தால் அது கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தானது வடக்குத் தெற்கு. மணிக்கூடும் வேண்டா, காந்த ஊசியும் வேண்டா. வீட்டுக் கம்பியும் தண்ணீர்த் தாங்கியும் நிழலை இழுக்கமாட்டா.

ஞாயிற்றினால் வேறொரு பயனும் உண்டு. ஆண்டில் இருமுறை, மார்ச்சு 16ஆம் நாளையும் செப்டெம்பர் 27ஆம் நாளையும் ஒட்டி, யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்குங்கால் ஞாயிறு செய்மதிகளின் வில்வழியே ஏறக்குறைய அப்படியே நடந்து செல்கிறது. செப்டெம்பர் 27இல் அது முற்பகல் 10.58 அளவில் 93.5 பாகைச் செய்மதியின் பின்னும், 11.47 அளவில் 83இன் பின்னும், பிற்பகல் 12.08 அளவில் 78.5இன் பின்னும், 12.55 அளவில் 68.5இன் பின்னும் நிற்கும். மார்ச்சு 16இல் இந்நேரங்களோடு 18 நிமிடத்தைக் கூட்டிக்கொள்க. தட்டுச் சரியாக நோக்குமாயின், அந்நேரத்தில் நடுவில் நிற்கும் வாங்கியின் நிழல் தட்டின் மையத்தில் விழும். நிழலைப் பார்ப்பதன்றி ஞாயிற்றை நிமிர்ந்து பார்த்தலாகாது. தட்டு வைக்கக் கருதிய இடத்தில் அன்று பகல் முழுவதும் வெயில் விழுந்தால் எந்த மரமும் மறைக்கவில்லை எனத் துணியலாம். அந்நாட்களில் நண்பகலையொட்டிச் சில நிமிடம் படம் குலைவதும் இதனாலேயே. செய்மதியின் மெல்லிய குரலை ஞாயிற்றின் இரைச்சல் அமுக்கிவிடுகிறது. அதற்காகப் பெட்டியைத் திருத்தக் கொடுத்தவரையும் நாம் அறிவோம்.

தட்டினைக் கூரையில் ஏற்றும் வழக்கத்தை நாம் விரும்புவதில்லை. யாழ்ப்பாணத்தில் 83 பாகைச் செய்மதியின் ஏற்றக்கோணம் 78 பாகை, 78.5இன் ஏற்றக்கோணம் அதனினும் சிறிது கூட, 68.5 பாகைக்கு 72, 93.5 பாகைக்கு 70. பார்வை இவ்வளவு நிமிர்ந்து செல்வதால், நாற்பதடிப் பனை பதினைந்தடி தள்ளி நின்றாலும் தடையாகாது. முற்றத்து நிலத்தில் நாட்டினால் காற்றுக்கும் அஞ்சவேண்டியதில்லை. ஏணியில் ஏறி விழவேண்டியதும் இல்லை.

மின்னோடி இல்லாமலும் பல செய்மதிகளைப் பெறலாம். அருகருகே உள்ள செய்மதிகளுக்கு நாம் அதையே விரும்புவோம். வீட்டில் இரண்டு தொலைக்காட்சி இருந்தால் ஒருவர் தட்டைத் திருப்ப மற்றவர் படத்தை இழக்கும் பிணக்கு இராது. நடுவில் 83 பாகைக்கு ஒரு வாங்கியை, அதாவது எல்.என்.பி. எனப்படுவதை, நிறுத்தி, அதன் பக்கத்தில் 78.5 பாகைக்கு இன்னொன்றை வைக்கலாம். தட்டு ஓர் ஆடியாதலின் பக்கம் மாறும்: மேற்குச் செய்மதிக்குரிய வாங்கி கிழக்குப் பக்கத்தில் அமையும். குவியத்தூரம் 91 சதமமீற்றர் உள்ள எட்டடித் தட்டில் இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 10 சதமமீற்றர். வாங்கிகளைச் சூழ்ந்த வளையங்கள் ஒன்றோடொன்று முட்டுமாதலால் இரட்டை வளையம் வாங்குதல் நன்று. பக்க வாங்கியில் வலிமை சிறிது குறையும். 68.5 பாகை வரை இவ்வாறு நீட்ட முயன்றால் குறைவு பெரிதாகும். அதற்கு மின்னோடியோ வேறு தட்டோ வேண்டும். வாங்கிகளின் வடங்களை டைசெக் ஆளியொன்றில் இணைத்து, அங்கிருந்து ஒரே வடத்தைப் பெட்டிக்குக் கொண்டுவரலாம். நான்கு வாயில் உள்ள ஆளியில் எந்த வாங்கி எந்த வாயிலில் உள்ளது என்பதை அன்றே எழுதி வைத்துக்கொள்க. ஆறு மாதத்தின்பின் நினைவிராது.

பலர் தவறவிடுவது வாங்கியின் சுழற்சியையாகும். செய்மதி அலைகள் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் முனைவாக்கம் செய்யப்பட்டு வருவன. பெட்டி 18 உவோற்றுக் கொடுத்துக் கிடையையும் 13 உவோற்றுக் கொடுத்து நிலைக்குத்தையும் தெரிந்துகொள்கிறது. ஆனால் செய்மதியின் கிடை எமது கிடையன்று. வில் சாய்ந்தவாறே அதுவும் சாயும். மத்தியகோட்டுக்கு அணித்தான எமக்கு இச்சாய்வு மிகப் பெரிது: 83 பாகைக்கு 17, 68.5 பாகைக்கு 49, 93.5 பாகைக்கு 54 பாகை. தட்டின் பின்னின்று வானை நோக்கியவாறு, கிழக்குச் செய்மதிக்கு இடஞ்சுழியாகவும் மேற்குச் செய்மதிக்கு வலஞ்சுழியாகவும் வாங்கியைத் திருப்புக. 45 பாகை பிழைத்தால் இரண்டு முனைவாக்கமும் கலந்து, எதுவும் தெளிவாக வராது. அச்சில் ஏற்றிய தட்டு திரும்பும்பொழுது வாங்கியும் உடன்சாய்வதால் அதற்கு இவ்வேலை ஒருமுறையே.

இனி மாரியைப் பற்றி. சீ பட்டையின் அலைநீளம் ஏழரைச் சதமமீற்றர் அளவு. ஐப்பசி கார்த்திகை மழை அதனை அதிகம் தடுப்பதில்லை. கேயூ பட்டையின் அலைநீளம் இரண்டரைச் சதமமீற்றர் அளவே. பெருமழையில் படம் மறையும், மழை விட்டதும் மீளும். இந்தியாவின் டிடி பிரீ டிஷ் ஒளிபரப்பு 93.5 பாகையிலிருந்து வருவது இப்பட்டையிலேயே. அதற்குரிய சிறு முட்டைவடிவத் தட்டு, தான் நோக்கும் திசையினும் தாழ்ந்து சரிந்து நிற்பதால் நீர் தங்காது. நடுக்குவியமுள்ள பெருந்தட்டோ இவ்வூரில் வானைப் பார்த்த தாச்சியாகக் கிடக்கும். வார்ப்புத் தட்டாயின் தாழ்ந்த இடத்தில் ஒரு துளை இடாவிட்டால் நீர் தேங்கிப் பாரத்தால் வடிவு கெடும், நுளம்பும் பெருகும். வலைத் தட்டுக்கு இத்தொல்லை இல்லை. அலைநீளத்தை நோக்க வலைக்கண் மிகச் சிறிதாதலின் அலைக்கு அது சுவரே, மழைக்கு அரிதட்டு. வார்ப்புத் தட்டிற்குப் பளபளப்பான பூச்சுப் பூசுதலும் ஆகாது. மேற்கூறிய நாட்களில் வெயில் குவிந்து வாங்கியின் மூடியை உருக்கிவிடும்.

தூணை மண்ணோடு தடித்த செப்புக் கம்பியால் இணைத்தல் வேண்டும். இடி முழங்கத் தொடங்கியவுடன் வடத்தைப் பெட்டியிலிருந்து கழற்றிச் சுவரோரமாக ஒதுக்கிவிடுக. எமது வீட்டில் அவ்வேலை இப்பொழுது பிள்ளைகளுடையது.