வலி எப்போது வருகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

முதுகுவலிக்காக எலும்பு டாக்டர், எக்ஸ்ரே, ‘டிஸ்க் பல்ஜ்’ என்று வந்த ஸ்கேன், பெல்ட், டிராக்‌ஷன் என்று பட்டதையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். நடுவே போகிறபோக்கில் ஒரு வரி: விடியற்காலையில் வலி எழுப்பிவிடுகிறது, எழுந்து கொஞ்ச நேரம் நடந்தால்தான் அடங்குகிறது. இதை எந்த டாக்டரிடமாவது சொன்னீர்களா?

டிஸ்க் வலி பெரும்பாலும் ஓய்வெடுத்தால் தணியும். படுக்கப் படுக்கக் கூடி, நடமாடினால் குறைகிற வலி வேறு வகை. 45 வயதுக்குள் தொடங்கி, 3 மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணிக்கு மேல் முதுகு மரக்கட்டையாய் இறுகிக் கிடந்தால் ஆன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர் ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டுவாத நிபுணர். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது.

டிஸ்க் பல்ஜ் வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் தெரியும். அதைப் பார்த்ததும் தேடலை நிறுத்திவிடுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நான் சொன்ன அழற்சி நோய் பெரும்பாலும் இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேரும் மூட்டில் தொடங்குகிறது. எக்ஸ்ரேயில் தெரியச் சில ஆண்டுகள் பிடிக்கலாம். அந்த மூட்டைக் குறிவைத்து எடுக்கும் எம்ஆர்ஐயில் முன்பே தெரியக்கூடும். எச்எல்ஏ பி27 ரத்தப் பரிசோதனை துணைச் சாட்சி மட்டுமே. அது நெகடிவ் என்றாலும் நோய் இருக்கலாம், பாசிட்டிவ் என்றாலும் இல்லாமல் இருக்கலாம்.

நோய் உறுதியானால் அழற்சியைத் தணிக்கும் மாத்திரையும் தினசரி உடற்பயிற்சியும்தான் முதல் சிகிச்சை. அதில் அடங்காவிட்டால் பயாலஜிக் ஊசி. அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். உள்ளே உறங்கும் கிருமியை அந்த ஊசி எழுப்பிவிடக்கூடும்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ நிபுணரின் தேதிக்குக் காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம், அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

நிபுணரிடம் பழைய ஸ்கேன் படங்களோடு, ஒரு தாளில் வலி வரும் நேரத்தையும் எழுதிக் கொண்டுபோங்கள். வீட்டிலும் விசாரித்து வையுங்கள்: உறவில் யாருக்காவது இளவயதிலேயே முதுகு வளைந்ததா? உங்களுக்கு எப்போதாவது ஒரு கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசியதா? இவற்றையும் அவர் கேட்பார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்